இரும்புச் சேர்மங்களின் வேதி வாய்ப்பாடு: நங்கூரச் சங்கிலியின் துருவுக்கு எதை எழுதுவது?

கேள்வி
மாலை வகுப்பு, தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் படித்தது கணிதம். வேதியியலுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அதையும் நானே எடுக்கிறேன். பாடநூலில் உள்ளதைச் சொல்லிவிட முடிகிறது, ஆனால் பிள்ளைகள் அதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுகிறேன்.

முதலில், எழுதும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். கைப்பேசி வாசித்துக் காட்டுவதைக் கேட்டே அவள் படிக்கிறாள்; இங்கு வரும் மறுமொழிகளையும் அப்படித்தான் கேட்கப்போகிறாள். அடியில் சிறிதாக எழுதப்படும் எண்களை அவளுடைய கைப்பேசி சில வேளைகளில் விட்டுவிடுகிறது. ஆகவே குறியீடுகளை நாம் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது போலவே தமிழில் எழுதி, எண்களை அதே வரியில் வைக்கிறேன். எஃப்இ என்பது இரும்பு, ஓ என்பது ஆக்சிஜன், எச் என்பது ஹைட்ரஜன், சிஎல் என்பது குளோரின், எஸ் என்பது கந்தகம். மறுமொழி தருவோரும் இவ்வாறே எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இணைதிறன், அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறன்; அந்த எண்களைக் குறுக்காக மாற்றி எழுதினால் வாய்ப்பாடு வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, அலுமினியம் ஆக்சைடு வரை ஒரு சிக்கலும் இல்லை. இரும்பு வந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. ஃபெர்ரஸ் ஆக்சைடுக்கு வகுப்பில் பாதிப் பேர் எஃப்இ2 ஓ2 என்று எழுதினார்கள். ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடுக்கு அடைப்புக்குறி இல்லாமல் எஃப்இ ஓஎச்3 என்று எழுதினார்கள். "இரும்புக்கு மட்டும் ஏன் இரண்டு இணைதிறன், எந்த இடத்தில் எதை எடுப்பது?" என்று கேட்டபோது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்பதைத் தவிர என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே பாம்பனிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தன் தந்தையின் படகில் கழித்துப் போட்ட நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். விரல் பட்டதும் அது ஏடு ஏடாக உதிர்ந்தது. மேல் ஏடு செம்மஞ்சள், அதன் அடியில் இருந்தது அடுப்புக்கரி போன்ற கறுப்பு. துருவின் வாய்ப்பாடு எஃப்இ2 ஓ3 எக்ஸ் எச்2ஓ என்று புத்தகத்தில் இருக்கிறதே, இந்தக் கறுப்புக்கும் அதுதானா, அந்த எக்ஸ் எத்தனை என்று கேட்டான். கறுப்பாக இருப்பது எஃப்இ3 ஓ4 ஆக இருக்கலாம் என்று எங்கோ படித்த நினைவு. ஆனால் ஆக்சிஜனுக்கு இரண்டு என்று வைத்துக் கணக்கிட்டால் இரும்பின் இணைதிறன் மூன்றில் எட்டுப் பங்கு என்று பின்னமாக வருகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பரமக்குடி

ஆசிரியைக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலம் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மாணவர்கள் செய்த பிழைகள் கவனக்குறைவால் வந்தவை அல்ல. குறுக்காக மாற்றும் முறையை முதலிலேயே கற்பித்தால் அந்தப் பிழைகள் வந்தே தீரும். அந்த முறை விடையைத் தருகிறதே ஒழிய, விடை ஏன் அப்படி இருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் உங்களிடம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அயனி என்பது மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம். அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு எழுதுவது என்பது மீச்சிறு பொது மடங்கு காண்பதுதான். சேர்மம் மொத்தத்தில் மின்சுமை அற்றதாக இருக்க வேண்டும்; அதாவது நேர்மின்சுமைகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின்சுமைகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். அப்படிச் சமமாகும் மிகச் சிறிய எண் எதுவோ அதுவே மீச்சிறு பொது மடங்கு. ஃபெர்ரிக் அயனிக்கு மூன்று நேர்மின்சுமை, ஆக்சைடு அயனிக்கு இரண்டு எதிர்மின்சுமை. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. ஆறு நேர்மின்சுமைக்கு இரண்டு இரும்பு, ஆறு எதிர்மின்சுமைக்கு மூன்று ஆக்சிஜன். ஆகவே எஃப்இ2 ஓ3. ஃபெர்ரஸ் அயனிக்கு இரண்டு, ஆக்சைடுக்கும் இரண்டு, மீச்சிறு பொது மடங்கு இரண்டே, ஒன்றுக்கு ஒன்று, ஆகவே எஃப்இ ஓ. இந்த வழியில் எஃப்இ2 ஓ2 என்ற விடை பிறக்கவே இடமில்லை. பிறகு சுருக்க வேண்டும் என்ற தனி விதியையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

இரும்புக்கு ஏன் இரண்டு மின்சுமை என்ற கேள்விக்குப் பள்ளி அளவில் இவ்வளவு போதும்: சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்ததும் நிலையான அமைப்பை அடைந்து நின்றுவிடுகிறது, இரும்பு இரண்டை இழந்தும் நிற்கும், சூழல் வற்புறுத்தினால் மூன்றாவதையும் இழக்கும். இங்கே சூழல் என்று நான் சொல்வது பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைத்தான். இதைச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது நல்லது. ஃபெர்ரஸ் சல்பேட்டைப் புதிதாகக் கரைத்து, அதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சில துளிகள் விட்டால், அழுக்குப் பச்சையாக ஒரு வீழ்படிவு இறங்கும். அது எஃப்இ (ஓஎச்)2. சோதனைக்குழாயை அப்படியே தாங்கியில் நிறுத்திவிட்டு வகுப்பை நடத்துங்கள். காற்று படும் மேல்விளிம்பில் முதலில் ஒரு பழுப்பு வளையம் தோன்றும். பிறகு அது மெல்லக் கீழே இறங்கும். அந்தப் பழுப்பு எஃப்இ (ஓஎச்)3. ஃபெர்ரஸ் ஃபெர்ரிக்காக மாறுவதைக் கண்ணால் கண்ட பிள்ளை இரண்டு இணைதிறனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பார்வை குறைந்த மாணவிக்கு நிறத்தைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லட்டும். மற்றப் பிள்ளைகளும் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் பெருந்தீங்கு என்பதால், துளி விடும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதைப் பெயரே சொல்லிவிடும். இரும்பின் இலத்தீன் பெயர் ஃபெர்ரம். ஸ்வீடன் நாட்டு வேதியியலர் பெர்சிலியஸ் 1813, 1814 ஆண்டுகளில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தபோது அந்தப் பெயரிலிருந்தே எஃப்இ வந்தது. ஃபெர்ரஸ் என்றால் குறைந்த மின்சுமை, அதாவது இரண்டு. ஃபெர்ரிக் என்றால் கூடிய மின்சுமை, அதாவது மூன்று. இந்த விகுதிகளில் ஒரு குறை உண்டு: காப்பரில் குப்ரஸ் என்றால் ஒன்று, குப்ரிக் என்றால் இரண்டு. எனவே விகுதி குறைவு, கூடுதல் என்பதை மட்டுமே சொல்கிறது, எண்ணைச் சொல்வதில்லை. அதனால்தான் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் எண்ணையே பெயரில் வைத்துவிடும் முறையை முன்வைத்தார். இரும்பு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் மூன்றைப் போட்டு, குளோரைடு என்று முடித்தால் அது எஃப்இ சிஎல்3. தேர்வில் இரண்டு வகைப் பெயர்களும் வரும் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டும் பழகியிருக்க வேண்டும்.

அடைப்புக்குறி பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான மதிப்பெண் இங்குதான் போகிறது. ஹைட்ராக்சைடு, சல்பேட், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவை பல அணுக்கள் சேர்ந்து ஒரே அயனியாக நடமாடுபவை. எஃப்இ ஓஎச்3 என்று எழுதினால் ஓர் ஆக்சிஜனும் மூன்று ஹைட்ரஜனும் என்று பொருளாகிவிடும். எஃப்இ (ஓஎச்)3 என்றால்தான் மூன்று ஆக்சிஜனும் மூன்று ஹைட்ரஜனும். நாம் வகுப்பில் இதை "ஓஎச் ஹோல் த்ரைஸ்" என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ஹோல் என்ற சொல்தான் அடைப்புக்குறி. கேட்டுப் படிக்கும் மாணவிக்கு அது இல்லாவிட்டால் வாய்ப்பாடே இல்லை. ஃபெர்ரிக் சல்பேட்டை "எஃப்இ டூ, எஸ்ஓ ஃபோர் ஹோல் த்ரைஸ்" என்று ஒரே மாதிரியாக எப்போதும் சொல்லிப் பழக்குங்கள். எஃப்இ2 (எஸ்ஓ4)3 என்று அவள் மனத்தில் தானே எழுதிக்கொள்வாள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, வாய்ப்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போய் இணைதிறனைக் கண்டுபிடிக்கும்போது எதிர்மின் அயனி எது என்று தெரிந்திருக்க வேண்டும். பைரைட் என்ற கனிமத்தின் வாய்ப்பாடு எஃப்இ எஸ்2. கந்தகத்துக்கு இரண்டு என்று வைத்தால் இரும்புக்கு நான்கு வரும், அது தவறு. அங்கே இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே அயனியாக இருக்கின்றன, இரண்டுக்கும் சேர்த்தே இரண்டு எதிர்மின்சுமை. எனவே இரும்பு வெறும் ஃபெர்ரஸ்தான். இரண்டாவது, கணக்கு சரியாக வந்துவிட்டதனாலேயே அப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஃபெர்ரிக் அயோடைடுக்கு எஃப்இ ஐ3 என்று அழகாக எழுதிவிடலாம். ஆனால் ஃபெர்ரிக் அயனி அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஃபெர்ரஸாகிவிடும். குப்பியில் கிடைப்பது ஃபெர்ரஸ் அயோடைடும் தனி அயோடினும்தான்.

சங்கிலியின் கறுப்பைப் பற்றி, துருவோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர் யாரேனும் சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பின்னம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். எஃப்இ3 ஓ4-இல் உள்ள மூன்று இரும்பும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒன்று ஃபெர்ரஸ், இரண்டு ஃபெர்ரிக். இரண்டு, மூன்று, மூன்று என்று கூட்டினால் எட்டு. நான்கு ஆக்சிஜனுக்கும் எட்டு. நீங்கள் கண்ட மூன்றில் எட்டுப் பங்கு மூன்று இரும்பின் சராசரி. எந்த ஓர் அணுவுக்கும் அந்த மின்சுமை இல்லை. ஒரு வீட்டில் சராசரியாக இரண்டரைப் பிள்ளைகள் என்று கணக்கு சொன்னால் எந்த வீட்டிலும் அரைப் பிள்ளை இல்லை என்பது உங்கள் மாணவர்களுக்குப் புரியும்.


மறுமொழி 2
படகுப் பட்டறை, மண்டபம்

வணக்கம் சகோதரி. நான் இயந்திரவியலில் பட்டயம் படித்துவிட்டு விசைப்படகுகளின் எஞ்சின், தண்டு, நங்கூர வேலைகளைப் பார்க்கிறேன். ஐயா சொன்ன கணக்கு முழுவதையும் நானும் இப்போதுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். துருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சங்கிலி வளையத்தின் கறுப்பு ஏட்டைச் சுரண்டித் தூளாக்கி ஒரு காகிதத்தில் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காகிதத்தின் அடியில் வைத்து நகர்த்திப் பாருங்கள். மேல் ஏட்டின் செம்மஞ்சள் தூள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கறுப்புத் தூள் காந்தத்தின் பின்னாலேயே ஊரும். அந்தக் கறுப்பில் மேக்னடைட், அதாவது எஃப்இ3 ஓ4, நிறைய இருக்கிறது. துருவின் உள் அடுக்குக்கு ஆக்சிஜன் குறைவாகவே போய்ச் சேர்கிறது. அதனால் அங்குள்ள இரும்பு முழுவதும் ஃபெர்ரிக் நிலைக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது. மேல் அடுக்கு காற்றோடு இருக்கிறது. அங்கே எல்லாம் ஃபெர்ரிக். ஆக, உங்கள் மாணவனின் கையில் இருந்த ஒரே துண்டில் ஐயா சொன்ன இரண்டு மின்சுமைகளும் அடுக்கடுக்காக இருந்திருக்கின்றன.

செம்மஞ்சள் ஏடும் ஒரே பொருள் அல்ல. துருவில் மிகுதியாக இருப்பது எஃப்இ ஓ(ஓஎச்) என்ற வாய்ப்பாடு கொண்ட பொருள். ஒரே வாய்ப்பாட்டில் அணுக்களின் அடுக்கு மாறி வேறு வேறு கனிமங்களாக அமைகிறது: கோதைட், லெபிடோகுரோசைட் என்று பெயர்கள் உண்டு. நம் கரைக்கு முக்கியமானது மூன்றாவது ஒன்று. குளோரைடு மிகுந்த இடத்தில் அகாகனைட் என்ற வகை உருவாகிறது. ஜப்பானில் அகாகனே என்ற சுரங்கத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். அதன் கட்டமைப்புக்குள் குளோரைடு கொஞ்சம் அகப்பட்டுக்கொண்டிருக்கும். கடலில் கிடந்த இரும்பை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிக் காயவைத்தாலும் சில நாள்களில் அதன்மேல் மஞ்சளாகச் சிறு துளிகள் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்; துருவுக்குள் தங்கிவிட்ட உப்பின் வேலை அது. மேல் துருவை நன்றாகச் சுரண்டாமல் பெயிண்ட் அடித்தால் ஒரு பருவம்கூடத் தாங்காததற்கு அதுவே காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவசரப்பட்டு அப்படி அடித்துக் கொடுத்த ஒரு விஞ்சு (கயிறு, சங்கிலி இழுக்கும் பொறி), நான்கு மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்துத் திரும்பி வந்தது. மறுபடி முழுவதும் சுரண்டி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவைத்து என் செலவில் அடித்துக் கொடுத்தேன்.

ஆகவே எக்ஸ் எத்தனை என்ற கேள்விக்கு ஒரே எண்ணாக விடை இல்லை. துரு ஒரு கலவை; ஈரம், உப்பு, காற்று ஆகியவற்றைப் பொறுத்து நீரின் அளவு மாறும். அதனால்தான் எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்று எழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. சன்னல் கம்பிக்கும் படகின் இரும்புக்கும் முதல் பூச்சாக அடிக்கும் ரெட் ஆக்சைடு எல்லா வீட்டிலும் தெரிந்த பொருள். அதிலுள்ள சிவப்பு நிறமியும் எஃப்இ2 ஓ3-தான். வீட்டுச் சுவரில் பூசும் காவியின் நிறமும், தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலின் சிவப்பும் அதுவே. ஏற்கெனவே முழுவதும் ஃபெர்ரிக்காகிவிட்ட இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அது நிறமாக அப்படியே நிற்கிறது. இரும்பைக் காப்பது அந்தத் தூளைப் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய் அல்லது பிசின் படலம். அந்தப் படலம் கிழிந்த இடத்தில் துரு தொடங்கிவிடும்.

நம் கடற்கரையில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கப்படுகிறது என்பது ஆய்வாளர்களுக்கும் தெரிந்த செய்திதான். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே மண்டபத்தில் அரிமான ஆய்வுத் தளம் வைத்து, உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்திச் சோதித்து வந்திருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைக் காப்பாற்ற ஓயாமல் பூச்சு வேலை நடந்துகொண்டே இருந்ததை நாங்கள் சிறுவயதிலிருந்தே பார்த்தவர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாம்பனிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் தன் ஊர்ப் பாலமே பாடமாகிவிடும்.


மறுமொழி 3
தனிப்பயிற்சி ஆசிரியர், இராமநாதபுரம்

மேலே எழுதிய இருவரின் அறிவையும் மதிக்கிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எஃப்இ ஓ(ஓஎச்) என்றும் அகாகனைட் என்றும் சொல்லத் தொடங்கினால், துருவின் வாய்ப்பாடு என்ன என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு அவன் எதை எழுதுவான்? புத்தகத்தில் உள்ளதை எழுதாமல் வேறு எழுதினால் மதிப்பெண் போய்விடும். முதல் தலைமுறையாகப் படிக்கவரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணும் பெரிது. குறுக்காக மாற்றும் முறையில் பத்து வினாடியில் விடை வருகிறது. பொது வகுத்தியால் சுருக்கு என்று கூடுதலாக ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் எஃப்இ2 ஓ2 பிழையும் நீங்கிவிடும். அனைத்தையும் ஒரே நேரத்தில் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.


மறுமொழி 4
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பரமக்குடி

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேர்வுத் தாளில் புத்தகத்தில் உள்ள வாய்ப்பாட்டையே எழுத வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பொது வகுத்தியால் சுருக்கு என்ற விதியில் ஓர் இடர் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு எச்2 ஓ2; அதை யாரும் எச் ஓ என்று சுருக்குவதில்லை. எங்கே சுருக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டால் விதியை மட்டும் கற்ற பிள்ளைக்கு விடை தெரியாது. மின்சுமையிலிருந்து தொடங்கிய பிள்ளை, பெராக்சைடு என்பது இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த ஒரே அயனி, அதைப் பிரிக்கக் கூடாது என்பதைத் தானே பிடித்துக்கொள்ளும். பைரைட்டில் நாம் கண்டதும் இதுவே. முதலில் மின்சுமை வழியாக ஐந்தாறு வாய்ப்பாடுகளை எழுதட்டும். கை பழகிய பிறகு குறுக்கு முறையால் விரைவாக எழுதட்டும். தம்பிக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு எதை முதலில் சொல்வது என்பதில் மட்டுமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.


மறுமொழி 5
மருந்தாளுநர், கீழக்கரை

பிள்ளைகளுக்கு இரும்பின் வாய்ப்பாட்டைக் கையிலேயே காட்ட வேண்டுமானால் பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கான அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்க வேண்டும் என்பது அரசின் வரையறை. அந்த 60 மில்லிகிராம் என்பது இரும்பின் எடை மட்டுமே. இரும்புச் சேர்மத்தின் எடை அதைவிடக் கூடுதல். இந்த வேறுபாட்டை வாய்ப்பாடு தெரிந்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

பச்சைப் படிகமாகக் கிடைக்கும் ஃபெர்ரஸ் சல்பேட் ஏழு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவது அதையே. இரும்பு 56, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, ஏழு நீர் 126, கூட்டினால் 278. அந்த 278-இல் இரும்பு 56 மட்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே 60 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால் இந்தப் படிகத்தில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் வேண்டும். நீரைப் பெரும்பகுதி நீக்கி உலர்த்திய ஃபெர்ரஸ் சல்பேட்டானால் அதைவிடக் குறைவாகவே போதும், ஏனென்றால் அதே எடையில் இரும்பின் பங்கு கூடிவிடுகிறது. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எந்தச் சேர்மம், அதில் எவ்வளவு இரும்பு என்று இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துருவில் உள்ள எக்ஸ் மாறக்கூடியது. இந்தப் படிகத்தில் உள்ள ஏழு மாறாதது. படிகம் உருவாகும்போதே இரும்பைச் சுற்றியும் சல்பேட்டை ஒட்டியும் நீர் தனக்கென இடம் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சினால் நீர் போகும், பச்சை நிறமும் போய் வெளுத்துவிடும். மூடாமல் நாள்பட வைத்தால் மேற்பரப்பு மஞ்சள் பழுப்பாகும். ஃபெர்ரஸ் ஃபெர்ரிக்காகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படி ஆன படிகத்தை ஐயா சொன்ன சோதனைக்கு எடுக்காதீர்கள், தொடக்கத்திலேயே பழுப்பு வந்துவிடும். சோதனைக்கு வாங்கும் அன்னபேதியைப் பிள்ளைகள் யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு அளவுக்கு மீறினால் நஞ்சு.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
மாலை வகுப்பு, தங்கச்சிமடம்

எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நேற்று மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மீச்சிறு பொது மடங்கு என்றதும் பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுத்துவிட்டார்கள். ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் இரண்டையும் ஆக்சைடு, குளோரைடு, சல்பேட், பாஸ்பேட் ஆகிய நான்கோடும் சேர்த்து எட்டு வாய்ப்பாடுகள் எழுதச் சொன்னேன். ஃபெர்ரஸ் பாஸ்பேட்டுக்கு எஃப்இ3 (பிஓ4)2 என்று எழுதியவர்கள் பாதிக்கு மேல். அதே பிள்ளைகள் முந்தைய வாரம் ஃபெர்ரஸ் ஆக்சைடில் தடுமாறியவர்கள். ஃபெர்ரிக் பாஸ்பேட்டில் மூன்றும் மூன்றும் என்பதால் எண்ணே தேவையில்லை என்பதைக் கண்டதும் அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இராமநாதபுரத்து ஆசிரியர் சொன்னதையும் மறக்கவில்லை; தேர்வில் துருவுக்குப் புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டேன்.

பிறகு, பட்டறை அண்ணன் சொன்ன எஃப்இ ஓ(ஓஎச்) புத்தகத்தின் வாய்ப்பாட்டுக்கு முரண்தானா என்ற ஐயம் எனக்கே இருந்தது. வகுப்பிலேயே எண்ணிப் பார்த்தோம். எஃப்இ ஓ(ஓஎச்) இரண்டை எடுத்தால் இரும்பு இரண்டு, ஆக்சிஜன் நான்கு, ஹைட்ரஜன் இரண்டு. அதிலிருந்து ஒரு நீரை எடுத்துவிட்டால் மீதி எஃப்இ2 ஓ3. அதாவது எக்ஸ் ஒன்று. இதைப் பார்த்துவிட்டுச் சங்கிலி கொண்டுவந்த மாணவன், ஐயா காட்டச் சொன்ன பழுப்பு வீழ்படிவான எஃப்இ (ஓஎச்)3-ஐயும் அப்படியே இரண்டு எடுத்து எண்ணினான்: இரும்பு இரண்டு, ஆக்சிஜன் ஆறு, ஹைட்ரஜன் ஆறு, மூன்று நீரை எடுத்தால் மீதி அதே எஃப்இ2 ஓ3. எக்ஸ் மூன்று. "அப்போது எக்ஸுக்கு விடை இல்லை என்பதல்ல டீச்சர், நிறைய விடை இருக்கிறது" என்றான். கறுப்புத் தூள் காந்தத்தின் பின்னால் ஊர்ந்ததையும் பார்த்தோம். பார்வை குறைந்த மாணவி காகிதத்தின் மேல் விரல் நுனியை மெதுவாக வைத்துக்கொள்ள, நான் அடியில் காந்தத்தை நகர்த்தினேன். தூள் விரலை உரசிக்கொண்டு போவதை அவளே சொன்னாள்.

அவளால் இன்னொரு சிக்கல் தெரியவந்தது. மருந்தாளுநர் சொன்ன படிகத்தை நான் எஃப்இ எஸ்ஓ4 என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 7 எச்2ஓ என்று முடித்து அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பியிருந்தேன். கைப்பேசி அதை "எஸ்ஓ நான்கு புள்ளி ஏழு எச் இரண்டு ஓ" என்று வாசித்திருக்கிறது. ஆக்சிஜன் நான்கு புள்ளி ஏழு எப்படி இருக்கும் என்று கேட்டாள். வகுப்பிலும் நாம் அந்த இடத்தில் புள்ளி என்றே சொல்கிறோம். அடைப்புக்குறிக்கு ஹோல் என்ற சொல் இருப்பதுபோல, இந்தப் புள்ளிக்கு எதைச் சொல்வது?


மறுமொழி 6
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பரமக்குடி

மாணவி கேட்டது மிக முறையான கேள்வி. அது தசமப் புள்ளியும் அல்ல, பெருக்கல் குறியும் அல்ல. உப்பும் நீரும் ஒரே படிகத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டுமே அது காட்டுகிறது. இத்தனை ஆண்டுகளாகப் புள்ளி என்றே நானும் சொல்லிவந்திருக்கிறேன். கேட்பவர் எண்ணோடு சேர்த்துக் கேட்கக்கூடும் என்று தோன்றியதே இல்லை. புள்ளி என்ற சொல்லை விட்டுவிட்டு "உடன்" என்று சொல்லுங்கள்: எஃப்இ எஸ்ஓ ஃபோர், உடன் ஏழு எச் டூ ஓ. அனுப்பும்போதும் புள்ளிக்குப் பதிலாக அந்தச் சொல்லையே எழுதிவிடுங்கள். துருவுக்கு எஃப்இ2 ஓ3, உடன் எக்ஸ் எச்2ஓ. தேர்வில் தனக்காக எழுதித்தருபவரிடம் மட்டும், உடன் என்று தான் சொல்லும் இடத்தில் வரியின் நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்படி அவளைப் பழக்கிவையுங்கள்.